பிரம்ம கமலம் பூக்கவில்லையா, மொட்டு உதிர்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் எந்த மாடிக்குப் போனாலும் ஏதாவது ஒரு கம்பிக்கதவுக்குப் பக்கத்தில் பிரம்ம கமலம் தொங்கிக்கொண்டிருக்கும். மலாய்க்காரர்கள் பக்காவாலி என்கிறார்கள், சீனர்கள் கெங் ஹுவா என்கிறார்கள். ஒரு துண்டு ஒடித்து நட்டாலே வந்துவிடும் என்பதால் செடி கைமாறிக் கைமாறி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பூதான் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தவர்களிலும் பலர் ராத்திரி போட்டோ எடுத்துவிட்டு, காலையில் வாடிய பூவைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பக்கத்துச் சீன வீட்டில் அந்த வாடிய பூதான் மத்தியானச் சூப். நாமும் தாராளமாகச் சமைக்கலாம். அதில் வரும் சிக்கல்களையும் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துவிடுங்கள். இந்தச் செடியின் சொந்த ஊர் தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலாப் பக்கத்து ஈரக் காடுகள். அங்கே இது தரையில் வளர்வது குறைவு. மரக்கிளையின் கவட்டில், பட்டை இடுக்கில், கொஞ்சம் மக்கிய சருகில் வேரை விட்டுக்கொண்டு தொங்கும். மழை பெய்தால் வேர் முழுக்க நனையும். மழை விட்டதும் காற்றில் சீக்கிரமே காய்ந்துவிடும். நம்மிடம் வந்த பிறகு இதைச் சிலர் பாலைவனக் கள்ளி என்று நினைத்து மொட்டை வெயிலில் வைக்கிறார்கள். சிலர் ரோஜாச் செடி என்று நினைத்துக் களிமண்ணில் நட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கீழே வரும் குறைகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றால் வருபவை.

சமைக்கும் எண்ணம் இருந்தால் முதல் சோதனை: இது அந்தச் செடிதானா?

தண்டு தட்டையாக, ஓரம் நெளிநெளியாக, முள் இல்லாமல் இருக்க வேண்டும். இலை என்று நாம் சொல்வது உண்மையில் தண்டுதான். அதன் ஓரத்துப் பள்ளத்திலிருந்து நேராக மொட்டு கிளம்பும். தண்டு முப்பட்டையாக, பள்ளத்தில் குட்டி முட்களோடு இருந்தால் அது டிராகன் பழக் கொடி. அதுவும் ராத்திரியில் பூக்கும் கள்ளி, அதன் பூவும் சாப்பிடக்கூடியது. சீன மருந்துக்கடைகளில் பா வாங் ஹுவா என்று உலர்த்தி விற்பது டிராகன் பழப் பூவைத்தான்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை வேறு இரண்டு. எக்காளம் மாதிரி தலைகீழாகத் தொங்கும் வெள்ளைப் பூ ஊமத்தைக் குடும்பம், கடும் விஷம். கேமரன் மலைப் பக்கம் வேலியோரங்களில் பார்க்கலாம். கொத்துக்கொத்தாகச் சின்னப் பூ பூத்து ராத்திரியில் தெருவே மணக்கும் இரவு ராணியும் விஷம்தான். ராத்திரி பூக்கிறது, வெள்ளையாக இருக்கிறது, வாசனை வருகிறது என்ற மூன்றை மட்டும் நம்பி எதையும் சட்டியில் போடாதீர்கள்.

இன்னொன்று, இமயமலையிலும் பிரம்ம கமலம் என்று ஒரு செடி உண்டு. அது கள்ளியே இல்லை, சூரியகாந்திக் குடும்பம். குளிர் வேண்டும், பனி வேண்டும் என்று எங்காவது குறிப்பு படித்தால் அது அந்தச் செடிக்கானது. உங்கள் தொட்டிக்குப் பொருந்தாது.

வருஷக்கணக்காக வளர்கிறது, ஒரு மொட்டுகூட இல்லை

துண்டு நட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை என்றால் காத்திருங்கள். பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆவது சாதாரணம். அதற்கு மேல் ஆகியும் ஒன்றும் இல்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

வெளிச்சம் முதலில். மத்தியானம் ஒரு மணிக்குச் செடிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டுங்கள். நம் கடிகாரப்படி இங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒன்றேகாலுக்குத்தான், அதனால் அந்த நேரம். கை நிழல் மங்கலாக, ஓரம் கலங்கித் தெரிந்தால் வெளிச்சம் சரி. நிழலே விழவில்லை என்றால் போதாது. அடுக்குமாடியின் உள்நடையில், லிஃப்ட் ஓரத்தில் இருக்கும் செடிகள் பூக்காததற்கு இது ஒன்றே போதும். காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பார்த்த பால்கனி இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. மேற்குப் பார்த்தது என்றால் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை அடிக்கும் வெயிலுக்கு ஒரு நிழல்வலை கட்டுங்கள்.

அடுத்து உரம். செடி பச்சைப்பசேலென்று, கொழுகொழுவென்று புதுத்தண்டாக விட்டுக்கொண்டே இருக்கிறதா? தழைச்சத்து அதிகம். கோழி எரு, யூரியா, மீன் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கடையில் பச்சை உருண்டையாக 15-15-15 என்றும் நீல உருண்டையாக 12-12-17 என்றும் விற்பார்கள். நீலத்தில் சாம்பல்சத்து கூடுதல், பூச்செடிக்கு அது ஏற்றது. எட்டு அங்குலத் தொட்டிக்கு மாதம் அரைத் தேக்கரண்டி போதும். தண்டிலிருந்து தள்ளி, ஓரத்தில் போட்டுத் தண்ணீர் விடுங்கள்.

மூன்றாவது தொட்டி. நன்றாக வளர்கிறதே என்று பெரிய தொட்டிக்கு மாற்றினால் பூப்பது தள்ளிப்போகும். வேர் தொட்டியை நிறைத்த பிறகுதான் இந்தச் செடிக்குப் பூக்கும் எண்ணம் வரும். எட்டு அங்குலம், மிஞ்சினால் பத்து.

நான்காவது கத்திரிக்கோல். பழைய தண்டு அழுக்காக, தழும்பாக இருக்கிறது என்று வெட்டிவிடுகிறார்கள். பூ வருவதே அந்த முற்றிய தண்டில்தான். ஒருமுறை பூத்த பள்ளத்தில் பெரும்பாலும் மறுபடி பூ வராது, ஆனால் அதே தண்டில் பக்கத்துப் பள்ளங்கள் இன்னும் சும்மா இருக்கும். எனவே அழுகியது, நோய் வந்தது தவிர வேறெதையும் வெட்டாதீர்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் பூக்கவில்லை என்றால் தண்ணீரைக் குறையுங்கள். நம் ஊரில் ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் மழை கொஞ்சம் ஓயும். அந்த நாட்களில் மூன்று நான்கு வாரத்துக்குத் தண்டு லேசாக மெலியும் அளவுக்குக் காயவிட்டு, பிறகு வழக்கம்போல் ஊற்றுங்கள். வறட்சிக்குப் பின் வரும் முதல் நல்ல மழையில் ஒரே வட்டாரத்துச் செடிகள் எல்லாம் சேர்ந்தாற்போல் மொட்டு விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கூரைக்குள் இருக்கும் செடிக்கு அந்த வறட்சியும் மழையும் தெரியாது. நாம்தான் தெரிவிக்க வேண்டும்.

மொட்டு வருகிறது, விரலளவு ஆனதும் உதிர்கிறது

அதிகம் பேர் கேட்பது இதுதான். செந்தூலில் ஒரு அக்கா போன வறட்சி முடிந்ததும் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, நேத்து ராத்திரிகூட நல்லாத்தான் இருந்துச்சு. காலையில பாத்தா மூணும் கீழ கிடக்கு. யாரு கண்ணு பட்டுச்சோ."

கண் பட்டதோ இல்லையோ, விழுந்த மொட்டை எடுத்துக் காம்பின் நுனியைப் பாருங்கள். அதில் பாதி விடை இருக்கும்.

மொட்டு பட்டாணி அளவில், காம்பு மஞ்சளாகி, தொட்டால் சுத்தமாகக் கழன்று வந்தால் செடியே கழித்தது. தாங்க முடிந்ததை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். இருபது மொட்டு வந்து ஆறு நின்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை.

விரல் நீளம் வளர்ந்த பிறகு காம்பு மஞ்சளாகி விழுந்தால் செடி ஏதோ ஒரு மாற்றத்தைக் கண்டிருக்கிறது. இரண்டு மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் வாடியிருக்கலாம். ஊருக்குப் போய்விட்டு வந்த வீடுகளில் இதுதான் நடக்கும். அல்லது மொட்டு வந்த சந்தோஷத்தில் எல்லோரும் பார்க்கட்டும் என்று தொட்டியை வாசலுக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். மொட்டு தெரிந்த நாளிலிருந்து பூக்கும் ராத்திரி வரை மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை தொட்டியை நகர்த்தாதீர்கள், திருப்பியும் வைக்காதீர்கள். உரமும் புதிதாகப் போட வேண்டாம்.

இவை எதுவும் இல்லை, தண்ணீரும் சரி, இடமும் மாறவில்லை என்றால் ராத்திரி பத்து மணிக்குப் பால்கனியில் போய்ச் செடிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஏர்கோன் வெளிப்பெட்டியின் சூடான காற்று முகத்தில் அடிக்கிறதா? அந்த அக்கா வீட்டில் அதுதான் காரணம். கள்ளிச் செடிகள் பகலில் தண்டின் நுண்துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ந்த பிறகு திறந்துதான் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுக்கும். நாம் ஏர்கோன் போடுவதும் அதே நேரம்தான். துளை திறந்திருக்கும்போது சூடான, வறண்ட காற்று மணிக்கணக்கில் அடித்தால் முதலில் பலியாவது மொட்டு. செடி பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. மொட்டு இல்லாத நாளில் தொட்டியை அந்தக் காற்றுப் பாதையிலிருந்து விலக்கி வையுங்கள். மொட்டோடு இருக்கும்போது தெரியவந்தால் செடியை விட்டுவிட்டு, இடையில் ஒரு பலகையை நிறுத்திக் காற்றைத் திருப்பிவிடுங்கள்.

காம்பு கறுத்து, ஈரமாக, நசநசவென்று இருந்தால் அழுகல். தொடர்மழை மொட்டின் மேல் விழுந்து தேங்கியிருக்கும், அல்லது வேரில் பிரச்சினை. மொட்டின் தோலில் வெள்ளிக்கோடு கீறியது மாதிரித் தெரிந்தால் இலைப்பேன். ஒரு வெள்ளைத்தாளின் மேல் மொட்டைத் தட்டினால் நூல்துண்டு அளவுக்குச் சின்னப் பூச்சிகள் ஓடும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பு கலந்து தெளியுங்கள்.

தண்டு சுருங்கித் துவள்கிறது

இந்த ஓர் அறிகுறிக்கு நேரெதிரான இரண்டு காரணங்கள் உண்டு. தண்ணீர் போதாமலும் தண்டு சுருங்கும், தண்ணீர் மிஞ்சி வேர் அழுகினாலும் சுருங்கும். துவண்டதைப் பார்த்ததும் குடத்தைத் தூக்குகிறவர்கள் இரண்டாவது நிலையில் இருக்கும் செடியைக் கொன்றுவிடுகிறார்கள்.

தொட்டியைத் தூக்குங்கள். லேசாக இருக்கிறதா? தாகம்தான். தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்து எடுத்து, வடியவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் தண்டு நிமிரும்.

கனமாக இருந்தும் தண்டு துவண்டிருந்தால் அடித்தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் வேர் போய்விட்டது. தொட்டியிலிருந்து எடுத்து முகர்ந்தால் சாக்கடை வாடை வரும். நல்ல வேர் வெளுப்பாக அல்லது வெளிர்ப்பழுப்பாக, இழுத்தால் தாங்கும். கெட்ட வேரை இழுத்தால் மேல்தோல் உருவிக் கையோடு வந்து, நடுவில் ஒரு நூல் மட்டும் மிஞ்சும். கெட்டதை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு மண்ணை முழுக்கக் கழுவி, நிழலில் காற்றோட்டமாக நான்கைந்து நாள் வையுங்கள். அடித்தண்டே கறுத்திருந்தால் தயங்காமல் மேலே நல்ல பச்சைத்தண்டு வரை வெட்டி, ஒரு சாண் நீளத் துண்டுகளாக்கி, வெட்டுவாய் தோல் கட்டும்வரை ஒரு வாரம் காயவிட்டு நடுங்கள். எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அந்தப் பக்கம்தான் மண்ணுக்குள் போக வேண்டும். இரண்டு மூன்று விரல் ஆழம் போதும்.

நடும் கலவையில்தான் விஷயமே இருக்கிறது. வெறும் செம்மண்ணோ பைகளில் வரும் கரிசல் மண்ணோ தனியாக வேண்டாம். இரண்டு பங்கு தேங்காய்மட்டைத் துண்டு, ஒரு பங்கு கரித்துண்டு, ஒரு பங்கு உமிக்கரி, ஒரு பங்கு மக்கிய உரம். மட்டைத் துண்டுகளை ஒரு நாள் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள், உப்பு இருந்தால் போய்விடும். மேலே ஊற்றிய தண்ணீர் உடனே கீழே வழிந்து வர வேண்டும், தேங்கி நின்றால் இன்னும் கரி சேருங்கள். இவை எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் சுங்கை பூலோ நர்சரி வரிசைக்குப் போகலாம். 1930இல் தொழுநோயாளிகளுக்காகத் திறந்த குடியிருப்பில், குணமானவர்கள் செடி வளர்த்து விற்றுப் பிழைத்ததில் பிறந்த இடம் அது. நாற்பது வெள்ளி கொடுத்துச் செடி வாங்கும்போது அந்த உழைப்பையும் நினைத்துக்கொள்வது நல்லது.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். வேர் அழுகுவது ஒரு பக்கம், டிங்கி கொசு முட்டையிடுவது இன்னொரு பக்கம். கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் அபராதம் போடலாம், அது நியாயமும்கூட.

தண்டு மஞ்சளாக அல்லது சிவப்பாக இருக்கிறது

வெயில் பக்கம் மட்டும் நிறம் மாறியிருந்தால் வெயில் அதிகம். நிழலுக்குக் கொண்டுபோனால் சிவப்பு மறையும். வெள்ளையாக, காகிதமாகக் கருகிய இடம் மட்டும் திரும்பாது. செடி முழுக்க ஒரே சீராக வெளிறியிருந்தால் பசி. மாதக்கணக்காக உரம் போடாத தொட்டியாக இருக்கும்.

மெலிந்து நீண்ட குச்சித்தண்டுகள்

வெளிச்சம் போதவில்லை. ஆனால் அடியிலிருந்து நெடுநெடுவென்று உருண்டையாகக் கிளம்பும் ஒன்றிரண்டு தண்டு இந்தச் செடியின் இயல்பு. அது உயரமாகப் போய்ப் பிறகுதான் தட்டைக் கிளைகள் விடும். அதற்கு ஒரு குச்சி கட்டுங்கள், வெட்டாதீர்கள்.

அடித்தண்டு பழுப்பாக மரம்போல் ஆகிறது, தண்டில் வேர் தொங்குகிறது

இரண்டுமே நோய் இல்லை. பழுப்பு கெட்டியாக இருந்தால் முதுமை. அழுத்தினால் அமுங்கினால்தான் அழுகல்.

பள்ளங்களில் வெள்ளைப் பஞ்சு, தண்டில் எறும்பு ஊர்வலம்

மாவுப்பூச்சி. எறும்பு அதன் இனிப்புக் கழிவுக்காக அதைக் காவல் காத்து, ஒரு தண்டிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்தும் போகும். அதனால் எறும்பை விட்டுவிட்டுப் பஞ்சை மட்டும் துடைத்தால் அடுத்த வாரமே திரும்பிவிடும். தொட்டி தொங்கும் கம்பியில் வாஸ்லின் களிம்பு தடவினால் எறும்பு ஏறாது. பஞ்சைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால், 70 சதவீத ஆல்கஹாலில் தொட்டு, ஒவ்வொரு பள்ளமாக எடுங்கள். பொறுமையான வேலை, ஆனால் வேறு குறுக்குவழி கிடையாது. வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். மொட்டுக்கு முளைக்கும் கண் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது, நகத்தால் சுரண்டிவிடாதீர்கள்.

பூவைச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் செடிக்குள் ஊறிப்போகும் பூச்சிமருந்து எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் சரி. சோப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மொட்டு வந்தபின் வேப்பெண்ணெயும் வேண்டாம், வாடை பூவில் நிற்கும்.

ராத்திரியில் ஏதோ கடித்திருக்கிறது

பளபளப்பான ஒட்டுக்கோடு இருந்தால் நத்தை. தரைவீடுகளில் பெரிய ஆப்பிரிக்க நத்தை ஒரே ராத்திரியில் ஒரு தண்டை அரைத்துவிடும். டார்ச் அடித்துப் பிடியுங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். மூளையைப் பாதிக்கும் ஒரு புழு அதன் உடம்பில் இருக்கலாம். நத்தை நடமாடும் செடியின் பூவைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

கரும்புள்ளி, ஆரஞ்சுப் புள்ளி

கையால் தடவினால் சொரசொரவென்று, காய்ந்து, மாதக்கணக்கில் பெரிதாகாமல் இருந்தால் தழும்புதான், விட்டுவிடுங்கள். குழிந்து, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டி, நாளுக்கு நாள் பரவினால் பூஞ்சை. புள்ளிக்கு இரண்டு விரல் தள்ளி நல்ல பகுதியில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஆல்கஹாலில் துடையுங்கள். அப்புறம் தண்ணீரைத் தண்டின்மேல் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள், அதுவும் காலையில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தினமும் சாயந்திரம் மழை பிடிக்கும்போது கூரைக்குள் இழுத்துவிடுவதே பாதி மருந்து.

பூத்தது தெரியாமலே தவறிப்போகிறது

ஒரு ராத்திரிதான் பூ. ஆனால் மொட்டு முன்கூட்டியே சொல்லிவிடும். முதல் வாரங்களில் அது காம்போடு கீழ்நோக்கித் தொங்கும். பூக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது கழுத்து வளைந்து, முகம் மேலே தூக்கும். வெளியே இருக்கும் இளஞ்சிவப்பு இதழ்களுக்கு நடுவில் வெள்ளை எட்டிப்பார்க்கும். பூக்கும் நாளன்று மத்தியானத்துக்குமேல் நுனி உப்பி, இறுக்கம் தளர்ந்து, விரல் வைத்தால் மெத்தென்று இருக்கும். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏழேகால் ஏழரைக்கு இருட்டிய பிறகு எட்டு, ஒன்பது மணிவாக்கில் அவிழத் தொடங்கும். முதலில் வெளியிதழ்கள் பின்னால் மடங்கும். அப்புறம் நுனியில் ஒரு சின்ன ஓட்டை, அதற்குள்ளிருந்து வாசனை. பத்து, பதினொன்றுக்கு முழுக்க விரிந்து ஒரு சாணுக்கு மேல் நீளமாக நிற்கும். உள்ளே நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்கள் வரிசை பிடித்துப் படுத்திருக்க, அவற்றுக்கு மேல் சூலகமுடி பல கிளையாக விரிந்து நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் நம்மவர்கள் ஆதிசேஷன்மேல் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார் என்று விளக்கேற்றுகிறார்கள். பார்த்த யாரும் அதை மிகை என்று சொல்ல மாட்டார்கள். நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகளுக்காகத்தான் இந்த வெள்ளையும் வாசனையும். விடிவதற்குள் தலை தொங்கிவிடும்.

மொட்டு முழுதாகி, வெள்ளையும் தெரிந்து, அவிழாமலே வாடினால் அந்தக் கடைசி இரண்டு நாளில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். முகம் தூக்கிய அன்றே நன்றாக ஊற்றிவிடுங்கள்.

சமைத்தால் கொழகொழவென்று இருக்கிறது, அல்லது கசக்கிறது

கொழகொழப்பு கள்ளியின் இயல்பு. சூப்பில் அது அழகாகவே இருக்கும். சீன அன்ட்டிகள் நெத்திலி போட்டுக் கொதித்த தண்ணீரில் பூவைக் கீறிப்போட்டு, கடைசியில் ஒரு முட்டையை உடைத்துக் கலக்கி இறக்குவார்கள். நம் சமையலில் சொதி இதற்கு மிகப் பொருத்தம். தேங்காய்ப்பாலில் இரண்டு கொதி, எலுமிச்சம்பழம் இறக்கியபின். வழவழப்பு பிடிக்காதவர்கள் வெண்டைக்காய்க்குச் செய்வதையே செய்யுங்கள்: ஈரம் துடைத்து, பெரிய துண்டாக நறுக்கி, சூடான எண்ணெயில் சீக்கிரம் வதக்கி, கொஞ்சம் புளித்தண்ணீர். கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போட்டால் வழவழப்பே தெரியாது.

கசந்தால் மகரந்தத்தை எடுக்காமல் விட்டிருப்பீர்கள். பூவை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருக்கும் தாள்களை விரலால் வழித்து எடுங்கள். அங்கே எறும்பும் ஒளிந்திருக்கும், உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டால் வெளியே வந்துவிடும். நீண்ட குழாய்க்காம்பையும் சாப்பிடலாம், அதன்மேல் இருக்கும் செதில்களைக் கிள்ளிவிட வேண்டும்.

காலையில் வாடியதும் பறித்து, அன்றைக்கே சமையுங்கள் அல்லது குளிர்ப்பெட்டியில் வையுங்கள். மத்தியானம் வரை செடியிலேயே விட்டால் பழுப்பாகி நீர் விட ஆரம்பிக்கும், அது சட்டிக்கு ஆகாது. முதல் தடவை ஒரு பூவோடு நிறுத்தி வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். இருமலுக்கு நல்லது, நுரையீரலுக்கு நல்லது என்று சொல்வார்கள். சாப்பாடாகச் சாப்பிடுங்கள், மருந்து சாப்பிடுகிறவர்கள் இதை நம்பி அதை நிறுத்த வேண்டாம்.

உலர்த்தினால் பூஞ்சணம் பிடிக்கிறது

நம் காற்றின் ஈரத்தில் முழுப் பூவாக நிழலில் தொங்கவிட்டால் காய்வதற்கு முன்பே கறுத்துவிடும். பிளந்து, தாள்களை நீக்கி, இரண்டு மூன்று நிமிஷம் ஆவியில் வைத்து எடுத்து, மூங்கில் தட்டில் பரப்பிக் காலை வெயிலில் வையுங்கள். இரண்டு மணிக்கு மேல் வானம் கறுக்கும், அதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். மிச்ச ஈரத்தை ஓவனில் 60 டிகிரியில், கதவைச் சற்றே திறந்து வைத்துப் போக்குங்கள். வளைத்தால் மடங்குகிற பூ இன்னும் காயவில்லை. படக்கென்று ஒடிந்தால் ஆறவிட்டுக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடலாம். இரண்டு நாள் கழித்து ஜாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் வெளியே எடுத்து மறுபடி ஓவனில் வையுங்கள்.